கணினி நம் சீட்டைப் பார்த்து ஆடுவதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கணினியிலும் கைபேசியிலும் சீட்டாடும் முதியவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பணம் கட்டி ஆடும் செயலிகளில் சேமிப்பைத் தொலைத்தவர்களைப் பற்றி அதில் எழுதியிருந்ததை வரிக்கு வரி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசிப் பத்தியில் பிரிட்ஜையும் அதோடு சேர்த்துவிட்டார் கட்டுரையாளர். கணினிக்கு நாலு பேர் சீட்டும் தெரியும், அது நினைத்தால் நம்மை ஜெயிக்கவிடும், நினைத்தால் கவிழ்க்கும், ஆடுகிறவர்தான் ஏமாளி என்ற பொருளில் முடித்திருக்கிறார். இது தவறு. எப்படித் தவறு என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். இதை நம்பி, ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தை நிறுத்திவிடக் கூடியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

நான் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிரிட்ஜ் கற்றுக்கொண்டது ரயில்வே இன்ஸ்டிடியூட் சீட்டறையில். இரவுப் பணி முடித்து வந்தவர்கள், மறுநாள் விடுப்பில் இருந்தவர்கள் என்று எப்போதும் இரண்டு மேசையாவது நடக்கும். இப்போது நாலு பேர் சேர்வது அபூர்வம். சிலர் காலமாகிவிட்டார்கள், சிலர் பிள்ளைகளோடு பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போய்விட்டார்கள். அதனால் பல வருடமாக என் எதிராளிகளும் பார்ட்னரும் கணினிதான். டபிள்யூபிரிட்ஜ்5 என்று பிரான்ஸ் நாட்டு யீவ் கோஸ்டெல் எழுதிய நிரல் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. பேரன் படித்து முடித்து விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பைசா கட்டியதில்லை, ஜெயித்ததும் இல்லை. மதிப்பெண் மட்டும்தான்.

சூதாட்டம் என்கிற பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். 1968-ல் உச்ச நீதிமன்றம் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணா என்பவருக்கும் இடையிலான வழக்கில் ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று சொன்னது. அப்போது அது அளவுகோலாகக் காட்டியதே பிரிட்ஜைத்தான். ரம்மியில் உள்ள அதிர்ஷ்டம், பிரிட்ஜில் சீட்டுப் போடும்போது உள்ள அதிர்ஷ்டத்தைப் போன்றதுதான் என்பது நீதிபதிகளின் வாதம். ஜகார்த்தாவில் 2018-ல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜுக்கும் பதக்கம் வைத்தார்கள். ஆண்கள் இரட்டையரில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது சிவ்நாத் டே சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கி வந்தார்கள். இதற்கு மேல் இந்த விஷயத்தில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஏமாற்று என்கிற குற்றச்சாட்டுதான் பெரியது. அது கட்டுரையாளர் மட்டும் சொல்வதல்ல. எங்கள் பழைய கூட்டத்தில் கணினிக்கு மாறிய எல்லோருமே ஒரு கட்டத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். “நமக்குன்னே பார்த்து துருப்பை 4-1-ஆ பிரிச்சு வைக்குதுப்பா, மேசையில ஆடும்போது இப்படியா வந்துச்சு?” என்று கேட்பார்கள். அதாவது எதிராளிகளிடம் உள்ள ஐந்து துருப்பில் நாலு ஒருவரிடமே போய்விடுகிறது என்பது புகார். அவர்கள் கவனித்தது உண்மை. மேசையில் அப்படி வரவில்லைதான். ஆனால் கோளாறு மேசையில் இருந்தது, கணினியில் இல்லை.

பிரிட்ஜ் தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாக: 52 சீட்டு, நாலு பேர், ஆளுக்கு 13. எதிரும் புதிருமாக உட்காரும் இருவர் ஒரு ஜோடி. எத்தனை சுற்று எடுப்போம், எது துருப்பு என்று முதலில் ஏலம் கேட்பார்கள். ஏலம் எடுத்தவரின் பார்ட்னர் தன் 13 சீட்டையும் மேசைமேல் விரித்து வைத்துவிடுவார். அவர் டம்மி. அவர் சீட்டையும் சேர்த்து ஏலம் எடுத்தவரே ஆடுவார். நாலு பேரும் ஒவ்வொரு சீட்டு இறக்கி ஒரு சுற்று முடிந்தால் அது ஒரு ட்ரிக். முதலில் இறங்கிய இனத்தையே மற்றவர்களும், கையில் இருக்கும்வரை, இறக்க வேண்டும். அதனால் பெரும்பாலான ட்ரிக்குகளில் நாலும் ஒரே இனச் சீட்டாக இருக்கும்.

அந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு ஆட்டம் முடிந்ததும் இப்படி நாலு நாலாக, ஒரே இனம் ஒட்டிக் கிடக்கிற சீட்டுகளை வாரி எடுத்துக் கட்டு கட்டுகிறோம். இரண்டு மூன்று தடவை கலைக்கிறோம். பிறகு ஆளுக்கு ஒன்றாகச் சுற்றிப் போடுகிறோம். சரியாகக் கலையாத நாலு ஆர்டின் சீட்டுகள் அடுத்தடுத்துக் கிடந்தால் என்ன ஆகும்? ஆளுக்கு ஒன்று போய்ச் சேரும். நாலு இனத்துக்கும் இதே கதைதான். ஆகவே மேசையில் எல்லார் கைக்கும் எல்லா இனமும் ஏறக்குறைய சமமாகவே வரும். நீளமான இனம், ஒரு சீட்டுகூட இல்லாத இனம் எல்லாம் குறைவாக வரும். கட்டை இரண்டாகப் பிரித்து விசிறிக் கலைக்கும் முறையில் குறைந்தது ஏழு தடவையாவது கலைத்தால்தான் சீட்டு ஒழுங்காகக் கலையும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1992-ல் நிறுவினார்கள். எங்கள் இன்ஸ்டிடியூட்டில் ஏழு தடவை கலைத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பவர்கள் விடமாட்டார்கள்.

கணினி அப்படி அரைகுறையாகக் கலைப்பதில்லை. நம் ஜோடியிடம் எட்டுத் துருப்பு இருந்தால் எதிராளிகளிடம் ஐந்து இருக்கும். அது 3-2 ஆகப் பிரிந்திருக்க 68 சதவீதம் வாய்ப்பு, 4-1 ஆக 28 சதவீதம், 5-0 ஆக 4 சதவீதம். அதாவது மூன்று ஆட்டத்துக்கு ஒரு ஆட்டம் துருப்பு மோசமாகப் பிரிந்திருப்பதுதான் இயற்கை. கையைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து சீட்டோ அதற்கு மேலோ உள்ள இனம் ஒன்றாவது இருக்க ஏறக்குறைய 65 சதவீதம் வாய்ப்பு. நான் ஒரு நோட்டில் குறித்து வந்திருக்கிறேன். பக்கம் நிரம்ப நிரம்ப என் கணக்கு இந்த எண்களை நோக்கியே வந்தது. சந்தேகப்படும் யாரும் வீட்டிலேயே குறித்துப் பார்க்கலாம். ஒரு மழைக்காலம் போதும். ஆனால் கெட்ட பிரிவை மட்டும் குறித்துக்கொள்ளக் கூடாது, நல்லதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். 4-1 வந்து ஆட்டம் கவிழ்ந்தது நினைவில் நிற்கும், 3-2 வந்து சுலபமாக முடிந்தது நிற்காது.

52 சீட்டை நாலு பேருக்குப் பிரித்துப் போடும் வழிகளின் எண்ணிக்கை 29 இலக்க எண். இத்தனை வழிகளில் எதுவும் விடுபடாமல், எதற்கும் சலுகை இல்லாமல் ஒன்றைப் பொறுக்குவது கணினிக்கே எளிதல்ல. பழைய நிரல்களில் இந்தக் குறை இருந்தது. கலைப்பதற்குத் தொடக்க எண்ணாக, அதாவது விதையாக, 32 பிட் எண் ஒன்றை மட்டும் வைத்து ஆரம்பித்தால் மொத்தமே 429 கோடி விதமான பிரிவுதான் வரும். மீதி எதுவும் ஒருநாளும் வராது. அதற்காகவே நெதர்லாந்தின் ஹான்ஸ் வான் ஸ்டாவரென் பிக் டீல் என்ற நிரலை எழுதினார். பெரிய போட்டிகளில் மேசைக்கு வருவதே இப்படிக் கணினி பிரித்துக் கொடுத்த சீட்டுதான். உலகச் சாம்பியன்கள் ஏற்றுக்கொள்வதை நாம் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

அப்புறம், எல்லா இடத்திலும் சீட்டு ஒரே மாதிரிதான் போடப்படுகிறது என்றும் சொல்ல மாட்டேன். பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் தளத்தில் கணினி எதிராளிகளோடு ஆடும் சில ஆட்டங்களில், நாலு கையில் நல்ல கை எப்போதும் மனிதருக்கே வரும்படி வைத்திருக்கிறார்கள். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் கட்டில் மொத்தம் 40 புள்ளி. அந்த ஆட்டங்களில் உங்களைவிட அதிகப் புள்ளி வேறு யாரிடமும் இருக்காது. இதை மறைக்கவில்லை, ஆட்டத்தின் பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள். சும்மா பாஸ் சொல்லி உட்கார்ந்திருக்காமல் ஆட ஒரு கை கிடைக்கட்டும் என்பதற்காகச் செய்தது. புதிதாகக் கற்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. 12 புள்ளி வந்தால் மற்ற மூன்று பேரிடமும் அதற்கு மேல் கிடையாது என்று தெரிந்து ஆடிப் பழகினால், வெளியே மேசையில் உட்காரும்போது கை தடுமாறும். அவர்களுக்குச் சாதாரணமாகப் பிரித்துப் போடும் ஆட்டமே நல்லது.

சரி, சீட்டு நியாயமாகவே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வந்த பிறகு கணினி எட்டிப் பார்ப்பதில்லை என்று எப்படி நம்புவது? நாலு கையும் அதன் நினைவகத்தில்தானே இருக்கின்றன?

இதற்குப் பதில் அது யோசிக்கும் முறையிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் மேத்யூ கின்ஸ்பெர்க் 1990-களில் ஜிப் என்ற நிரலை எழுதினார். கணினிகளுக்கான உலக பிரிட்ஜ் சாம்பியன் பட்டத்தை 1998-லும் 1999-லும் அதுதான் வென்றது. பிரிட்ஜ் பேஸ் தளத்தில் இன்று நம்மோடு ஆடும் ரோபோக்கள் அதன் வழி வந்தவை. அவர் பரவலாக்கிய முறை இது. கணினி தன் கையையும் டம்மியையும் பார்க்கிறது. மீதி 26 சீட்டு இருவரிடம் எப்படி இருக்கக்கூடும் என்று கற்பனையாகப் பிரித்துப் போடுகிறது. யார் என்ன ஏலம் கேட்டார், இதுவரை என்ன இறக்கினார் என்பதோடு ஒத்துவராத பிரிவுகளைத் தள்ளிவிடுகிறது. ஒத்துவரும் பல பிரிவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நாலு கையும் திறந்து கிடப்பதுபோல வைத்து, எந்தச் சீட்டை இறக்கினால் எத்தனை ட்ரிக் வரும் என்று கடைசிவரை கணக்குப் போடுகிறது. எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்து எந்தச் சீட்டு நன்றாக வருகிறதோ அதை இறக்குகிறது. எட்டிப் பார்க்கிற நிரலுக்கு இத்தனை பாடு தேவையே இல்லை.

எழுதியவர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம், அதன் ஆட்டத்திலேயே பார்க்கலாம். டம்மியில் இஸ்பேட் ராஜா, ஜாக்கி, 5. ஆடுகிறவர் கையில் ஏஸ், 10, 4. வெளியே ஏழு இஸ்பேட், அதில் ராணி ஒன்று. மூன்று ட்ரிக்கும் எடுக்க வேண்டுமானால் ராணி யாரிடம் என்று சரியாகச் சொல்ல வேண்டும். இடது பக்கத்தவரிடம் என்றால் கையிலிருந்து 4-ஐ இறக்கி, அவர் சின்னச் சீட்டுப் போட்டதும் டம்மியில் ஜாக்கியைப் போட வேண்டும். வலது பக்கத்தவரிடம் என்றால் டம்மியிலிருந்து 5-ஐ இறக்கி, கையில் 10-ஐப் போட வேண்டும். பக்கம் மாறினால் ஒரு ட்ரிக் போச்சு.

விவரம் தெரிந்த மனிதர் என்ன செய்வார்? இஸ்பேடைத் தொடவே மாட்டார். மற்ற மூன்று இனங்களையும் முதலில் ஆடுவார். இடது பக்கத்தவர் மூன்றாவது ஆர்டினுக்கு வேறு இனம் போட்டாரா, டைமன் எத்தனை வைத்திருந்தார், கிளாவர் எத்தனை என்று எண்ணிக்கொண்டே வருவார். எண்ணி முடிக்கும்போது இஸ்பேட் இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் ஐந்து என்று தெரிந்தால், ராணி வலது பக்கம் இருக்க ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் வாய்ப்பு. அப்போது துணிந்து ஆடுவார்.

கணினி இந்த எண்ணிக்கைக்கென்று மெனக்கெடாது. ஏனென்றால் அது கற்பனையாகப் பிரித்துப் போட்ட ஒவ்வொரு பிரிவிலும் ராணி எங்கே என்று அதற்குத் தெரியும், நாலு கையும் திறந்தல்லவா வைத்துக் கணக்குப் போடுகிறது! ஆகவே எல்லாப் பிரிவிலும் இஸ்பேடில் மூன்று ட்ரிக் உறுதி என்று கணக்கு வரும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். முன்கூட்டியே துப்பு தேடிப் போவதில் லாபம் இருப்பதாக அதன் கணக்கில் வராது. கடைசியில் இஸ்பேடைத் தொடும்போது அந்த நேரத்துக் கற்பனைப் பிரிவுகளில் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் போகும். பல தடவை தவறும். நம் சீட்டைப் பார்க்கிற எந்திரம் ராணியை ஒரு தடவையாவது தவறவிடுமா?

இன்னொன்று இதைவிடத் தெளிவு. எதிர்த்து ஆடும்போது தன்னிடம் ராணி இருந்தால் நாம் அந்த இனத்தை நாமாகத் தொட மாட்டோம். ஆடுகிறவரே திண்டாடட்டும் என்று விடுவோம். கணினி எதிராளியோ அந்த இனத்தையே அலட்டிக்கொள்ளாமல் இறக்கி, நமக்கு வேலையே இல்லாமல் செய்துவிடும். காரணம் அதே கணக்குதான். நாலு கையும் திறந்திருந்தால் ஆடுகிறவர் ராணியை எப்படியும் பிடித்துவிடுவார், ஆகவே நான் இறக்கினாலும் இறக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று அது முடிவு கட்டுகிறது. ஆகவே கட்டுரையாளர் எழுதியதற்கு நேர் எதிராகவே விஷயம் இருக்கிறது. கணினி நம் சீட்டைப் பார்த்து ஆடுவதில்லை. நாம் அதன் சீட்டைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொண்டு ஆடுகிறது.

இந்தப் பலவீனம் நிரல் எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். கின்ஸ்பெர்க்கே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். சதுரங்கத்தில் டீப் புளூ 1997 மே மாதம் காஸ்பரோவைத் தோற்கடித்தது. சதுரங்கத்தில் பலகை இருவருக்கும் முழுதாகத் தெரியும். பிரிட்ஜில் பாதி மறைவு. அதனால்தான் இத்தனை வருடம் ஆகியும் முழு ஆட்டத்தில், ஏலம் உட்பட, கணினி உலகச் சாம்பியன்களை வென்றுவிட்டது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியவில்லை. கராச்சியில் பிறந்த ஜியா மஹ்மூத், உலகின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர், தன்னை எந்தக் கணினியும் வெல்லாது என்று 1990-ல் 10 லட்சம் பவுண்ட் பந்தயம் அறிவித்தார். ஜிப் வந்த பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், ஆனால் பணம் கொடுக்க வேண்டி வரவில்லை. 2022 மார்ச்சில் பாரிஸில் நுக்ஏஐ என்ற நிறுவனத்தின் நூக் என்ற நிரல், எட்டு உலகச் சாம்பியன்களோடு போட்டியிட்டு 80 தொகுப்புகளில் 67-ல் முந்தியது. பெரிய சாதனைதான். ஆனால் அங்கே ஏலம் கிடையாது, எல்லா ஆட்டமும் துருப்பில்லாமல் ஒன்பது ட்ரிக் எடுக்கும் ஒரே வகை. நூக்கும் சாம்பியன்களும் நேருக்கு நேர் ஆடவும் இல்லை. ஒரே சீட்டைத் தனித்தனியாக ஆடினார்கள், இரு தரப்பையும் எதிர்த்து ஆடியது வேறொரு கணினி நிரல்தான்.

கணினிகளுக்கான உலகப் போட்டியைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அது 1997-ல் தொடங்கியது. பிரிட்ஜ் பாரன் (Bridge Baron), ஜிப், நெதர்லாந்தின் ஜாக், நான் ஆடும் டபிள்யூபிரிட்ஜ்5 எல்லாம் அங்கே பட்டம் வாங்கியவை. அங்கே ஒவ்வொரு இருக்கைக்கும் நிரல் தனித்தனியாக ஓடும். அதனதன் 13 சீட்டு மட்டும்தான் அதற்கு அனுப்பப்படும். எட்டிப் பார்க்கவே வழியில்லாத இடத்தில் ஜெயித்த நிரல், திருச்சியில் ஒரு கிழவன் வீட்டில் எட்டிப் பார்த்து என்ன சாதிக்கப் போகிறது?

ஏமாற்று என்பது பிரிட்ஜில் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, மனிதர்களிடம். 1975-ல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் பார்ட்னர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். மேசைக்கு அடியில் காலை நகர்த்தியதாக இத்தாலிய அணியைச் சேர்ந்த இருவர் கண்டிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு அடியிலும் தடுப்பு வந்தது. கணினிப் பார்ட்னர் புருவத்தை உயர்த்துவதில்லை, பெருமூச்சு விடுவதில்லை, யோசிப்பதுபோலத் தயங்கிச் செய்தி சொல்வதில்லை. நாம் கேட்ட ஏலமும் இறக்கிய சீட்டும்தான் அதற்குச் செய்தி. அந்த விதத்தில் நான் ஆடியவர்களிலேயே ஒழுக்கமான பார்ட்னர் அதுதான்.

ஆனால் அதோடு ஏலம் கேட்பதில் ஒரு கஷ்டம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. இன்ஸ்டிடியூட்டில் எனக்கு ஒரு பார்ட்னர் இருந்தார். அவர் இரண்டாவது சுற்றில் ஒரு கேள்வி கேட்டால், அது புத்தகத்தில் என்ன பொருளோ அது மட்டுமல்ல, அன்றைக்கு நாங்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம், எதிராளி யார் என்பதும் சேர்ந்து எனக்குப் புரியும். கணினிக்குப் புத்தகம் மட்டும்தான். நான் முறையை விட்டு அரை அடி விலகினாலும் அது எழுத்துக்கு எழுத்து நம்பி, இல்லாத ஐந்தாவது ஆர்டினை என் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு ஆறாவது மட்டத்துக்கு, அதாவது 12 ட்ரிக் எடுப்பதாக, ஏறிவிடும். அதனால் அதனுடன் ஆடும்போது முறைப்படிதான் கேட்கிறேன். ஒவ்வொரு ஏலத்துக்கும் அது என்ன பொருள் கொள்கிறது என்று பல நிரல்களில் திரையிலேயே பார்க்கலாம். கேட்பதற்கு முன் அதைப் பார்த்துக்கொண்டால் சிக்கல் வராது. எதிர்த்து ஆடும்போது பார்ட்னருக்குச் சின்னச் சீட்டு, பெரிய சீட்டு போட்டுத் தகவல் சொல்லும் வழக்கத்தையும் கணினி அவ்வளவாக மதிப்பதில்லை. அந்தக் கலையை மனிதரிடம்தான் கற்க வேண்டும்.

இத்தனையும் நான் எழுதுவது ஒருவரை மனதில் வைத்துத்தான். மேலே சொன்ன அதே பார்ட்னர்தான். சில வருடம் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் மெதுவாகத்தான் வரும். 13 சீட்டை விசிறி போலப் பிடிக்க முடியாது. ஒரு கையால் ஒன்றை உருவ முயன்றால் மீதி மேசையில் கொட்டும். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இருந்தாலும் அவரே வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் மகள் ஒரு கணினியில் பிரிட்ஜ் நிரலைப் போட்டுக் கொடுத்தாள். திரையில் சீட்டு தானாக இனம் பிரிந்து நிற்கிறது. இடது கையால் ஒன்றைத் தொட்டால் போதும். ஒரு சீட்டுக்கு ஐந்து நிமிடம் யோசித்தாலும் கணினி காத்திருக்கிறது. யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நான் போகும்போது காலையில் ஆடியதைத் திரையில் திரும்பக் கொண்டுவந்து, மூன்றாவது ட்ரிக்கில் எந்தச் சீட்டை இறக்கியிருக்க வேண்டும் என்று விரலால் காட்டுவார். நான் ஒப்புக்கொள்ளாவிட்டால் நாலு கையையும் திறந்து வைத்து நிரலையே கணக்குப் போடச் சொல்வார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

உங்கள் கட்டுரையை அவரும் படித்தார். மறுநாள் நான் போனபோது கணினியைத் திறக்கவில்லை. “ஏமாத்து ஆட்டமாமே” என்றார். நான் இந்த இஸ்பேட் ராணி விஷயத்தை அவர் எதிரிலேயே சீட்டை வைத்து ஆடிக் காட்டினேன். கணினி ராணியைத் தவறவிட்ட ஒரு பழைய ஆட்டத்தையும் திறந்து காட்டினேன். அதன் பிறகுதான் மவுஸைக் கையில் எடுத்தார். எல்லார் வீட்டுக்கும் போய் அப்படி ஆடிக் காட்ட என்னால் முடியாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பணம் கேட்கிற எந்தச் செயலியையும் நம்பாதீர்கள் என்று நீங்கள் எழுதுவதை நானும் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆட்டம் முடிந்ததும் நாலு கையையும் திறந்து காட்டாத நிரலை ஒதுக்கிவிடலாம். காட்டுகிற நிரலில், அதே சீட்டை எதிராளி இருக்கையில் உட்கார்ந்து இன்னொரு தடவை ஆடிப் பார்க்கலாம். பல நிரல்களில் சீட்டை நாமே போட்டுக் கொடுக்கவும் முடியும். எங்கள் வீட்டில் பேத்தி நிஜச் சீட்டுக்கட்டை நன்றாகக் கலைத்து நாலாகப் பிரித்து, எனக்குக் காட்டாமல் கணினியில் ஏற்றி வைப்பாள். சீட்டுப் போட்டது யார் என்ற சந்தேகத்துக்கே அப்போது இடமில்லை. ஆட்டமோ வழக்கம்போலத்தான் இருக்கிறது.

ஒரு கோரிக்கை வைக்கிறேன். உங்கள் ஞாயிறு இணைப்பில் குறுக்கெழுத்தும் சுடோகுவும் வருகின்றன. அதன் பக்கத்தில் வாரம் ஒரு பிரிட்ஜ் புதிரைப் போடுங்கள். தமிழில் பிரிட்ஜ் கற்க நினைப்பவருக்கு அச்சில் ஒன்றும் எளிதில் கிடைப்பதில்லை. நான் பார்த்த கணினி நிரல்களும் ஆங்கிலம், பிரெஞ்சு போன்ற மொழிகளில்தான் பேசுகின்றன. ரயில்வே காலனிகளிலும் ஆலைக் குடியிருப்புகளிலும் ஒரு காலத்தில் ஆடியவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு புதிர் கண்ணில் பட்டால் மறுபடி ஆரம்பிப்பார்கள். கட்டணம் எதுவும் வேண்டாம், நானும் என் பார்ட்னரும் சேர்ந்து எழுதித் தருகிறோம். ஒவ்வொன்றையும் நாலு கை திறந்த கணக்குப் போடும் நிரலில் சரிபார்த்த பிறகே அனுப்புவோம். முதல் வாரம் இரண்டு கையை மட்டும் அச்சிடுங்கள், மறைந்திருக்கும் இரண்டு கையும் விடையும் அடுத்த ஞாயிறு வரட்டும். முதல் பத்துப் புதிர்கள் தயாராக இருக்கின்றன. இந்தக் கடிதத்தோடு மூன்றை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல் ஊழியர்,
பொன்மலை, திருச்சி